யாழ்ப்பாணத்திலிருந்து குதிரைத் துறைக்கு: படிக்கப் புறப்படுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் குதிரை என்றால் கோயில் வாகனம். அதை விட்டால் நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள். லாயத்து வாசனையோடு வளர்ந்தவர்கள் எங்களிடையே அரிது. இருந்தும் உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் யாராவது ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்கிறது: குதிரைகளோடு வேலை செய்ய விருப்பம், என்ன படிக்கலாம்? இணையத்தில் தேடினால் இங்கிலாந்து, அயர்லாந்து, அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் அழகான படங்கள் வந்து விழுகின்றன. கட்டணத்தைப் பார்த்துத் தந்தை பேச்சற்றுப் போகிறார். "குதிரை மேய்க்கவா உன்னைப் படிப்பித்தோம்?" என்று தாய் கேட்கிறார். கதை அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடிய வேண்டியதில்லை. இந்தத் துறையில் புத்தகத்தால் வருவது பாதி, கையால் வருவது பாதி. புத்தகப் பாதியை யாழ்ப்பாணத்திலேயே, பெரிய செலவில்லாமல், நன்றாகத் தொடங்கலாம். கைப் பாதியைத் தேடிப் போகவேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு குதிரையின் காலைக்கூடத் தூக்கிப் பாராமல் மூன்று வருடப் பட்டத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டுக்குக் கட்டணம் அனுப்பும் முன் ஏதாவதொரு லாயத்தில் சில வாரமாவது சாணம் அள்ளியிருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. இந்த வழிகாட்டியின் ஒழுங்கும் அதை வைத்தே அமைந்தது.

முதற்படி: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

விண்ணப்பப் படிவங்களில் 'ஈக்வைன் சயன்ஸ்' என்று இருக்கும் குதிரை விஞ்ஞானப் பட்டம் உங்களைக் குதிரை வைத்தியர் ஆக்காது. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தகும். அது உடலமைப்பியல், உடற்றொழிலியல், உணவூட்டம், இனப்பெருக்கம், நடத்தை, உடற்பயிற்சி ஆகியவற்றைக் குதிரையை மையமாக வைத்துப் படிப்பிக்கும் ஒரு விஞ்ஞானப் பட்டம். படித்து முடித்தவர்கள் இனவிருத்திப் பண்ணை நிர்வாகம், தீவன நிறுவனங்கள், ஆய்வுகூடங்கள், பந்தயத் துறை நிர்வாகம், குதிரை நலன் காக்கும் அமைப்புகள் ஆகியவற்றுக்குப் போகிறார்கள். ஊசி போடவும் அறுவைச் சிகிச்சை செய்யவும் விரும்புபவர் முழுமையான கால்நடை மருத்துவப் பட்டம் படித்து, அதன்பின் குதிரையில் சிறப்புப் பயிற்சி பெறவேண்டும். அந்தப் பாதை வேறு, அதன் நீளமும் வேறு.

பட்டமே தேவைப்படாத வேலைகளும் உண்டு. லாயப் பராமரிப்பாளர், சவாரிப் பயிற்றுநர், பந்தயக் குதிரைகளைக் காலையில் ஓட்டிப் பழக்குபவர் ஆகியோரிடம் சான்றிதழைவிட அனுபவத்தைத்தான் முதலில் கேட்பார்கள். லாடம் அடிப்பது இன்னொரு தனி உலகம். பிரித்தானியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே குதிரைக்கு லாடம் அடிக்கலாம். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஒருவரின் கீழ் ஏறத்தாழ நான்கு வருடம் தொழில் பழகவேண்டும். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கொல்லுவேலையும் குளம்பின் உடலமைப்பியலும் ஒன்றாகக் கற்கும் தொழில் அது. முதுகு வலுவில்லாதவர் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

ஒரு கொப்பியை எடுத்து, பத்து வருடத்தின் பின் காலை ஆறு மணிக்கு எங்கே நிற்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். ஆய்வுகூடத்திலா, லாயத்திலா, அலுவலகத்திலா, சேணத்தின் மேலா? அதற்கு விடை வராமல் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதாதீர்கள்.

உயர்தரத்தில் என்ன எடுப்பது

வைத்தியர் ஆவதென்றால் உயிரியல் விஞ்ஞானப் பிரிவைத் தவிர வேறு வழி இல்லை. இலங்கையில் கால்நடை மருத்துவப் பட்டம் தருவது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடம் ஒன்றுதான். அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மூலம், இஸட் புள்ளியின் அடிப்படையில். கற்பித்தல் மொழி ஆங்கிலம்.

குதிரை விஞ்ஞானப் பட்டத்துக்கும் உயிரியலும் இரசாயனவியலும் இருந்தால் கதவுகள் எளிதில் திறக்கும். பேராதனைக்குப் புள்ளி போதாதவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தைக் குறைத்து எண்ணக்கூடாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் அந்தப் பீடத்தில் விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது. அங்கே நீங்கள் படிப்பது பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி பற்றித்தான். ஆனால் உணவூட்டம், இனவிருத்தி, புள்ளிவிவரம் ஆகிய அடிப்படைகளைக் கற்றுக்கொண்டு, பட்ட மேற்படிப்பில் குதிரைக்குத் திரும்பலாம். குடும்பத்தின் வசதியைப் பார்க்கும்போது, முதற்பட்டத்தை இலவசமாக இங்கே முடித்துவிட்டு முதுமாணிக்கு வெளிநாடு போவதே பெரும்பாலான யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். பதினெட்டு வயதில் காணியை ஈடுவைத்துப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

கலை, வணிகப் பிரிவில் படித்தவர்கள் மனம் தளரவேண்டாம். பயிற்றுநர், லாய நிர்வாகம், பந்தயத் துறை நிர்வாகம் ஆகிய வழிகள் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன.

மாட்டில் கை பழகுங்கள்

"படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று எங்கள் ஊரில் திட்டுவார்கள். குதிரைத் துறைக்குப் போகிறவருக்கு அந்தத் திட்டுத்தான் முதற் பயிற்சி. பெரிய விலங்கின் அருகே நிற்பது, அதன் எடையை உணர்வது, அது அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதைக் காதிலும் வாலிலும் பார்த்து அறிவது ஆகியவற்றை எந்தப் புத்தகமும் தராது. வீட்டில் பசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அயலில் பால்மாடு வைத்திருப்பவரிடம் போய் விடுமுறையில் உதவிக்கு வருகிறேன் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்பவர் குறைவு.

சவாரி மாடு வளர்ப்பவர்களைத் தேடிப்போவது அதைவிட நல்லது. வண்டில் சவாரிக்கு ஒரு சோடி மாட்டைத் தயார் செய்பவருக்கு, ஓடும் விலங்கின் உடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். எவ்வளவு தூரம் நடத்துவது, எப்போது நீர் காட்டுவது, ஓடிய மாட்டை எப்படி மெல்ல ஆறவிடுவது, காலில் சூடு தெரிந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம். பந்தயக் குதிரைப் பயிற்சியாளரின் அன்றாடக் கேள்விகளும் இவைதான். அந்த ஐயாமாரிடம் கொப்பியைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள், பேச்சு நின்றுவிடும். கூட நின்று வேலை செய்யுங்கள், தானாகச் சொல்வார்கள்.

ஆனால் மாட்டில் பழகியவர் குதிரைக்குப் போகும்போது மாற்றிக்கொள்ள வேண்டியவை உண்டு. மாடு பெரும்பாலும் காலை முன்னும் பக்கவாட்டிலுமாக வீசி உதைக்கும். குதிரை இரு பின்னங்கால்களையும் சேர்த்து நேர் பின்னால் வீசக்கூடியது. அந்த உதையில் எலும்பு முறியும். குதிரைக்குத் தன் உடலைச் சுற்றி ஏறத்தாழ எல்லாமே தெரியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் பார்வை படாது. ஆகவே இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்குவது வழக்கம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மாட்டுக்காரர்களிடம் இந்தப் பழக்கம் நிறையவே இருக்கிறது. மிரண்ட குதிரை இழுத்தால் விரல் போய்விடும்.

பிரதேசக் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கும் ஒருமுறை போங்கள். பாடசாலை அதிபரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுபோனால் வெளிக்கள வேலைக்குக் கூடச் செல்ல அனுமதி கேட்கலாம். வெளிநாட்டுக் கால்நடைக் கல்லூரிகள் பல, விண்ணப்பிக்கும்போதே இப்படியான அனுபவத்தை எழுத்தில் கேட்கின்றன. போகும் ஒவ்வொரு நாளையும் திகதியோடு குறித்து, வைத்தியரின் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போகும் முன் ஏற்பு ஊசி போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

நெடுந்தீவில் பார்ப்பதற்கு

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை நெடுந்தீவின் வெளிகளில் இன்றும் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. ஒல்லாந்தர் கால லாயத்தின் தூண்கள் பவளக்கல்லில் இடிந்த நிலையில் நிற்கின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். வயிறு பலவீனமானவர்கள் வேறு மாதம் பார்த்துப் போகவும்.

சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஒரு கூட்டத்தைத் தெரிந்தெடுத்து, அது உங்களைப் பொருட்படுத்தாத தூரத்தில் நிழலில் உட்காருங்கள். அரை மணி நேரம் எதுவும் நடக்காதது போல இருக்கும். அதன்பின் கண் பழகும். ஒரு பெண்குதிரை தலையைத் தூக்கி நடக்கத் தொடங்க, மற்றவை ஒவ்வொன்றாக அதன் பின்னால் போகும். பொலிகுதிரை கூட்டத்தின் ஓரத்தில் நின்று, சற்று விலகிப்போனதைத் தலையைத் தாழ்த்திக் காதைப் பின்னால் மடித்து உள்ளே தள்ளும். இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றின் தோளை மற்றது பல்லால் மெல்லக் கடித்துச் சொறிந்துவிடும். யார் முதலில் நீர் குடிக்கிறது, யார் காத்து நிற்கிறது, எந்தக் குட்டி யாரோடு ஒட்டி நிற்கிறது என்று நேரத்தோடு குறியுங்கள். குதிரை நடத்தை பற்றிய பாடங்களில் முதலாம் வருட மாணவர்க்குக் கொடுக்கும் களப்பயிற்சியும் இந்த மாதிரியானதுதான். குறித்து வைத்த கொப்பி பின்னர் விண்ணப்பத்தில் நன்றாகவே உதவும். இங்கிலாந்துப் பிள்ளைக்குக் கட்டாக்காலிக் குதிரை பார்க்க வேறெங்காவது போகவேண்டும். உங்களுக்கு அது ஒரு பஸ்ஸும் ஒரு படகும்.

தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் துரத்துவதோ, பிடித்து ஏற முயல்வதோ, பிஸ்கட் கொடுப்பதோ வேண்டாம். வறட்சி மாதங்களில் நீரின்றி அவை மெலிந்து நிற்பதைப் பார்க்க நேரிடும். விலா எலும்பு தெரிகிறதா, முதுகெலும்பு மேடாக நிற்கிறதா, வாலடி குழிந்திருக்கிறதா என்று பார்த்து உடல்நிலையை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அதை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால், பரிதாபப்படுவதோடு நில்லாமல் அளந்தும் எழுதலாம்.

குதிரையின் உடல்: இங்கிருந்தே படிக்க வேண்டியவை

எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும். வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

வயிற்றில் தொடங்குங்கள். மாட்டுக்கு நான்கு அறை இரைப்பை, அசைபோடும். குதிரையின் இரைப்பை ஒற்றை அறை, உடல் அளவுக்கு மிகச் சிறியது, வளர்ந்த குதிரைக்கு 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். புல்லின் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பின்குடலில், பெருங்குடல்வாய்ப் பையிலும் பெருங்குடலிலும், வாழ்கின்றன. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உணவூட்டத்தின் விதிகள் தாமாகவே வந்துவிடும்: சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும், புல்லும் வைக்கோலும் முக்கியம், தானியம் துணை, தீவனத்தை மாற்றினால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெல்ல மாற்றவேண்டும். நாளொன்றுக்கு உலர்நிலையில் உடல் எடையின் 1.5 முதல் 2.5 சதவீதம் தின்னும். 400 கிலோ குதிரைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் போன்ற வெப்பத்தில் 30, 40 லீற்றர் சாதாரணம்.

விதி தவறினால் வருவது வயிற்றுவலி. குதிரைக்கு வயிற்றுவலி உயிராபத்து. முன்காலால் நிலத்தைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்து உருள்வது, சாணம் போடாமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உணவை அகற்றிவிட்டு வைத்தியரை அழைக்க வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

எங்கள் ஊரைச் சேர்ந்தவர்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. மாட்டுக்கும் கோழிக்கும் தயாரிக்கும் சில தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்து சேர்க்கிறார்கள். மாடு தாங்கும் அளவு குதிரையின் இதயத்தைச் சிதைத்துக் கொன்றுவிடும். மாட்டுத் தீவன மூட்டையைக் குதிரைக்குப் பிரிக்கவே கூடாது. இரண்டாவது அலரி. வேலியோரத்திலும் கோயில் வீதியிலும் பூத்து நிற்கும் அலரியின் சில இலைகளே ஒரு குதிரைக்கு எமன். காய்ந்த இலையும் நஞ்சுதான். ஆமணக்கு விதையும் அப்படியே. குதிரையைக் கட்டும் இடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்காமல் கட்டக்கூடாது. கொள்ளு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாக, ஊறவைத்தோ அவித்தோ, அளவாக. அதுவே முழு உணவு என்று நினைத்தால் மேற்சொன்ன வயிற்றுவலிதான்.

அடுத்து, நலமான குதிரையின் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. சுவாசம் 8 முதல் 16. நாடி பார்ப்பது கீழ்த்தாடையில். தாடை எலும்பின் உள்விளிம்பில் இரண்டு விரல் நுனிகளை வைத்து முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால், தோலுக்கடியில் கயிறு போன்ற ஒரு நாளம் விரலில் இருந்து நழுவும். அதை எலும்போடு சேர்த்து இலேசாக அழுத்திப் பிடித்து, பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பெருவிரலை வைத்தால் உங்கள் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும்; அதற்கு மேல் எடுத்தால் இரத்த ஓட்டத்தில் ஏதோ கோளாறு.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டித் திருத்தவோ லாடத்தை மாற்றவோ வேண்டும். தினமும் குளம்பைச் சுத்தம் செய்யும்போது கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி இழுக்க வேண்டும்; நடுவே முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியைக் குத்திவிடக் கூடாது. அழுகிய நாற்றம் வந்தால் அங்கே நோய் தொடங்கிவிட்டது. குளம்பின் உட்சதை அழன்று குதிரை முன்கால்களை முன்னே நீட்டிக் குதிகாலில் பாரம் வைத்து நிற்குமானால் அதுவும் அவசர நிலை. ஆணி குத்திய காயத்தால் வரும் ஏற்புநோய்க்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை, தடுப்பூசி கட்டாயம்.

சில்லறை விடயங்களில் ஒன்று: குதிரையின் உயரத்தைத் தோள்மேட்டில், 'கை' என்ற அலகில் அளப்பார்கள். ஒரு கை 4 அங்குலம். 14.2 என்று எழுதியிருந்தால் பதினான்கு கையும் இரண்டு அங்குலமும் என்று பொருள், அதாவது 58 அங்குலம். தசமப் புள்ளி என்று எண்ணி நேர்முகத்தில் 14.7 என்று ஒரு உயரத்தைச் சொன்னீர்களானால் முகத்துக்கு முன்னாலேயே சிரிப்பார்கள்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகப் படிக்க இணையப் பாடங்கள் உண்டு. கோர்செரா தளத்தில் ப்ளோரிடா பல்கலைக்கழகம் குதிரைப் பராமரிப்பு அறிமுகப் பாடத்தையும், எடின்பரோ பல்கலைக்கழகம் குதிரை உணவூட்டப் பாடத்தையும் நடத்தியிருக்கின்றன. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் குதிரைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. குறுகிய இணையப் பாடங்களை அது நடத்துகிறது. ரொறன்ரோவில் மாமா, சித்தப்பா இருப்பவர்கள் அந்தப் பல்கலைக்கழகம் அங்கிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம்தான் என்பதைக் கவனிக்கவும்.

இலங்கைக்குள் குதிரையைத் தொடுவதற்கு

நுவரெலியா, கொழும்பு. வேறு இடங்களில் கடற்கரை ஹோட்டல்களை அண்டிச் சில லாயங்கள் இருக்கின்றன. நுவரெலியாவில் பந்தயத் திடல் பிரித்தானியர் காலத்தது. ஏப்ரல் வசந்த காலத்தில் பந்தயம் நடக்கும், அதற்கு முந்திய வாரங்களில் லாயங்களில் கை தேவைப்படும். கொழும்பில் சவாரிப் பள்ளிகளும், பொலிஸ் திணைக்களத்தின் குதிரைப் பிரிவும் இருக்கின்றன. பொலிஸ் குதிரைப் பிரிவுக்குப் போக விரும்புபவர் முதலில் பொலிஸில் சேரவேண்டும்.

லாயத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது "குதிரை ஓட்டப் பழகவேண்டும்" என்று தொடங்காதீர்கள். கட்டணப் பட்டியலை அனுப்பிவிடுவார்கள். "ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் லாய வேலை செய்கிறேன், தங்குமிடம் இருந்தால் போதும்" என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும். சிங்களமோ ஆங்கிலமோ கொஞ்சம் தெரிந்திருப்பது உதவும். பெண் பிள்ளையாக இருந்தால் தங்குமிடத்தைப் பெற்றோர் முதலில் நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. பெண்களுக்கு இது சரிவருமா என்று கேட்கும் உறவினருக்கு ஒரு தகவல்: பிரித்தானியாவில் குதிரைப் பட்ட வகுப்புகளில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் பெண்கள்தான்.

அந்த ஒரு மாதத்தில் காலை ஐந்து மணி எழும்பலும், ஈரச் சாணத்தின் கனமும், மழையில் குதிரையை நடத்துவதும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் இலாபமே. பல இலட்சம் மிஞ்சுகிறது.

வெளிநாட்டுப் படிப்பு

அருகில் இருப்பது இந்தியா. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. ஆய்வுப் பக்கம் போக எண்ணுபவர்கள் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்திய அரசின் புலமைப்பரிசில் அறிவிப்புகளை யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம். வெளிநாட்டில் கால்நடை மருத்துவம் படித்துத் திரும்புபவர் இலங்கையில் தொழில் செய்யப் பதிவு பெறவேண்டும். அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்பதைச் சேரும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிரை விஞ்ஞானம் என்ற பெயரிலேயே பட்டம் வேண்டுமென்றால் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் ஹார்ட்புரி பல்கலைக்கழகம், அவுஸ்திரேலியாவின் சார்ள்ஸ் ஸ்டேர்ட் பல்கலைக்கழகம் ஆகியவை துறையில் அறியப்பட்டவை. எதை எடுத்தாலும் பாடத்திட்டத்தில் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: தொழிற்களப் பயிற்சி எத்தனை மாதம், அதை யார் ஒழுங்கு செய்து தருகிறார்கள்? அதற்கு நேரான பதில் தராத இடத்தைக் கடந்து போங்கள்.

பட்டம் இல்லாமல் படிப்படியாக ஏற விரும்புபவர்க்குப் பிரித்தானியக் குதிரைச் சங்கம் நடத்தும் படிநிலைத் தேர்வுகள் இருக்கின்றன. 1947இல் தொடங்கிய சங்கம் அது; பராமரிப்பு, சவாரி, பயிற்றுவித்தல் என்று தனித்தனிப் பாதைகள் உண்டு, அந்தச் சான்றிதழுக்குப் பல நாடுகளில் மதிப்பு இருக்கிறது. இனவிருத்தியில் ஆர்வமுள்ளவர்களுக்கு அயர்லாந்து கில்டேரில் உள்ள ஐரிஷ் தேசியப் பொலிப் பண்ணையின் பயிற்சி. அது குட்டி ஈனும் பருவத்தை ஒட்டி வருட முற்பகுதியில் நடக்கும். வட அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்று கணக்கு. கருக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே குட்டி பிறக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

ஏற்கெனவே ஒரு பட்டமும் லாய அனுபவமும் கையில் உள்ளவர்கள் பந்தயக் குதிரை நிறுவனமான கொடோல்பினின் 'ஃப்ளையிங் ஸ்டார்ட்' பயிற்சியைப் பாருங்கள். இரண்டு வருடம், அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, துபாய் என்று சுற்றும்; செலவு முழுவதும் அவர்களுடையது. வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை.

பணமும் கடதாசியும்

கட்டணத்தோடு தலைக்கவசம், சவாரிச் சப்பாத்து, காப்புறுதி, பயிற்சிக் காலப் போக்குவரத்து ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். பண்ணைகள் நகரத்துக்கு வெளியே, பஸ் போகாத இடங்களில்தான் இருக்கின்றன. வாகன ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தை இங்கேயே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பிரித்தானிய மாணவர் விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ச்சியாக 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கட்டணத்தை அனுப்ப இங்குள்ள வங்கியில் மாணவர் கோப்பு திறக்கவேண்டும். முகவரை நம்பி அவர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள்.

வளைகுடா நாடுகளில் லாயப் பராமரிப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த வழியில் போனால் கை நன்றாகவே பழகும், பிறகு படிக்கவும் சேமிக்கலாம். ஆனால் முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் குதிரைப் பராமரிப்பு என்றே இருக்கவேண்டும். வீட்டுப் பணியாளர் விசாவில் போய் இறங்கியபின் குதிரையைக் காணாமல் போகக்கூடாது. ஒருவருக்கு எத்தனை குதிரை, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, உதை வாங்கிக் காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பமும் சோதனை நாளும்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ஜனவரி மாதத்தில் ஒரு முடிவுத் திகதி உண்டு. எனவே முந்திய வருட ஆவணி, புரட்டாதிக்குள் ஆங்கிலத் தேர்வையும் சிபார்சுக் கடிதங்களையும் முடித்துவிடுங்கள். உங்களைப் பற்றி எழுதும் பகுதியில் "சிறு வயது முதலே குதிரை என்றால் கொள்ளை விருப்பம்" என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நெடுந்தீவில் வறட்சிக் காலத்தில் கண்ட ஒரு கூட்டத்தின் உடல்நிலையை எப்படி அளந்தீர்கள், சவாரி மாட்டை ஆறவிடும் முறையில் இருந்து என்ன கேள்வி எழுந்தது என்று எழுதினால், படிப்பவர் அடுத்த பத்திக்கும் போவார்.

பண்ணைகள் நேர்முகத்துக்குப் பதிலாகச் சோதனை நாள் ஒன்று வைக்கும். "அந்தக் குதிரையை வெளியே கொண்டுவாருங்கள்" என்பார்கள், அவ்வளவுதான். உள்ளே போகும் முன் பேசிக் குரல் கொடுக்கிறீர்களா, முகக்கயிற்றை மாட்டும்போது கண்ணில் படாமல் பார்க்கிறீர்களா, கதவை முழுவதும் திறந்துவிட்டு வருகிறீர்களா, குதிரையின் இடுப்பெலும்பு கதவு நிலையில் இடிபடும்படி பாதித் திறப்பில் இழுக்கிறீர்களா, கயிற்றைக் கையில் சுற்றியிருக்கிறீர்களா என்றுதான் கவனிப்பார்கள். திரும்பக் கொண்டுபோய் விட்டபின் வாளியில் நீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை இரண்டு இடத்திலும் போடுங்கள். கீழ்த் தாழ்ப்பாளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.